தடுக்காததும் தடுக்க இயலாததும்

தஸ்தயெவ்ஸ்கியின் வாழ்க்கையில் இலக்கிய வாசகர் பலரும் அறிந்த அத்தியாயம் ஒன்று உண்டு. 1865இல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிள் பெற்றுக்கொண்டு அவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1866 நவம்பர் 1க்குள் புதிய நாவல் ஒன்றைத் தந்தாக வேண்டும். தவறினால் அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவன அனைத்தையும் ஒரு காசும் தராமல் அச்சிட்டுக்கொள்ளும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். கெடு முடிய நான்கு வாரமே இருந்த நிலையில் சுருக்கெழுத்து கற்ற 20 வயதுப் பெண் ஒருவர் வேலைக்கு வந்தார். அவர் பெயர் அன்னா கிரிகோரியெவ்னா. 26 நாட்களில் நாவல் சொல்லி எழுதப்பட்டது. சில மாதங்களில் இருவரும் மணந்துகொண்டனர். மலையாளத்தில் பெரும்படவம் ஸ்ரீதரன் இந்த நாட்களை வைத்து எழுதிய ‘ஒரு சங்கீர்த்தனம் போலே’ (1993) பெரும் வரவேற்பைப் பெற்ற நாவல். அதை வாசித்துக் கண்கலங்கிய நண்பர்கள் எனக்கும் உண்டு.

அந்த 26 நாட்களில் எழுதப்பட்ட நாவலின் பெயர் ‘சூதாடி’. அதைத் தன் கையால் எழுதிய பெண், அதில் வரும் நோயோடு அடுத்த நான்கு ஆண்டுகள் குடித்தனம் நடத்தப் போகிறார் என்பதை அப்போது அறிந்திருக்கவில்லை. காதல் கதை முடிந்த இடத்தில் தொடங்கும் இந்த இரண்டாம் கதையே என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்துவருகிறது. தனக்குக் கேடு என்று தெளிவாக அறிந்த ஒன்றை ஒருவன் மீண்டும் மீண்டும் செய்கிறான். அவன் தன்னைத் தடுக்கவில்லையா, தடுக்க இயலவில்லையா? இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க மருத்துவமும் சட்டமும் இருநூறு ஆண்டுகளாக முயன்றுவருகின்றன. அன்னா அதை அடகுக்கடைக்கும் வாடகை அறைக்கும் இடையே நடந்து அளந்தார்.

*

தஸ்தயெவ்ஸ்கியின் சூதாட்டம் திருமணத்துக்கு முன்பே வேர்பிடித்துவிட்டது. 1863இல் வீஸ்பாடன் நகரில் சில நாட்களுக்குள் 10,000 பிராங்குக்கு மேல் வென்றார். அந்த வெற்றியே பெரிய கேடு. தொடக்கத்தில் கிடைக்கும் பெருவெற்றி பின்னாளைய அடிமைத்தனத்துக்கு வழியமைப்பதைச் சூதாட்ட நோயரின் வரலாறுகளில் மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். வென்றதில் பாதியை அங்கேயே இழந்த பிறகும், ஆட்டத்தின் இரகசியம் தனக்குப் பிடிபட்டுவிட்டது என்று உறவினருக்குக் கடிதம் எழுதினார். இரகசியம் மிக எளியது. ஒவ்வொரு கணமும் தன்னை அடக்கிக்கொண்டு, பதற்றப்படாமல் ஆடினால் தோற்கவே முடியாதாம்.

இதில் உள்ள விபரீதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்றைய ஹோம்பர்க் சூதாட்ட விடுதியைப் பிளாங்க் சகோதரர்கள் நடத்தினர். 1840களில் ஒற்றைப் பூஜ்யம் கொண்ட ரூலெட் சக்கரத்தை அங்கே புகுத்தியவர்கள் அவர்கள். சக்கரத்தில் மொத்தம் 37 குழிகள். ஓர் எண்ணில் பணம் கட்டி வென்றால் 35 மடங்கு தருவார்கள். நியாயமாகத் தர வேண்டியது 36 மடங்கு. ஆகவே கட்டும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாக 2.70 விடுதிக்குப் போய்ச் சேரும். ஆடுபவர் யோகியைப் போல அமர்ந்திருந்தாலும், வியர்த்து நடுங்கினாலும் கணக்கு மாறாது. குண்டு உருளும் சக்கரத்தை மன உறுதியால் வெல்லலாம் என்று நம்பியவர், மன உறுதி தளர்ந்ததே தோல்விக்குக் காரணம் என்றும் நம்பினார். எனவே ஒவ்வொரு தோல்வியும் அவருக்கு மீண்டும் ஆடுவதற்கான காரணமாக மட்டுமே அமைந்தது. இந்தமுறை அடக்கிக்கொண்டால் போதும், அவ்வளவுதானே!

1867 ஏப்ரலில் புதுமணத் தம்பதியர் ரஷ்யாவை விட்டு வெளியேறினர். கடன்காரர் தொல்லை ஒரு காரணம், உறவினர் தொல்லை இன்னொன்று. டிரெஸ்டனில் மனைவியை விட்டுவிட்டு, நான்கு நாள் என்று சொல்லி மே மாதத்தில் ஹோம்பர்க் போனார். நாள்தோறும் கடிதம் வந்தது. நாளை புறப்படுகிறேன் என்று ஒரு கடிதம். எல்லாம் போயிற்று, வழிச்செலவுக்குப் பணம் அனுப்பு என்று மறு கடிதம். பணம் போய்ச் சேர்ந்தது, அதுவும் மேசைக்குப் போயிற்று. கைக்கடிகாரம் அடகுக்குப் போயிற்று. இன்று மருத்துவர்கள் இந்த நோயை இனங்காண வைத்திருக்கும் குறிகளில் ஒன்று ‘இழந்ததைத் துரத்துதல்’. அதற்கு விளக்கம் வேண்டுமென்றால் இந்தக் கடிதங்களையே காட்டிவிடலாம்.

ஜூலையில் இருவரும் பாடன்-பாடன் சென்றனர். அங்கே கழிந்த வாரங்கள் அன்னாவின் நினைவுக் குறிப்பிலும், அப்போது சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பிலும் பதிவாகியிருக்கின்றன. கொல்லன் பட்டறைக்கு மேலே இரண்டு அறைகள். விடியுமுன்பே சம்மட்டி ஓசை எழுந்துவிடும். அன்னா கருவுற்றிருந்தார், குமட்டல் வேறு. பணப்பை அவரிடம் இருந்தது. கணவர் வந்து கேட்பார், இவர் எடுத்துத் தருவார். சற்று நேரத்தில் முகம் வெளுத்து, நிற்கவும் வலுவின்றித் திரும்பி வந்து மீண்டும் கேட்பார். எடுத்துத் தரப் பையில் ஒன்றும் இல்லாமற்போகும்வரை இது நடக்கும். பிறகு மண்டியிட்டு அழுவார், தன்னைப் பாவி என்பார், மன்னிப்புக் கேட்பார். திருமணப் பரிசாகத் தானே அளித்த தோடுகளையும் மார்பூசியையும் எடுத்துச் சென்று அடகு வைப்பார். மணமோதிரங்கள் போயின. துணிமணிகள் போயின. இடையில் ஒரிருமுறை பெருந்தொகை வென்றதும் உண்டு. அந்நாட்களில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். அடகுப் பொருள்கள் சில மீளும், மறுநாள் மீண்டும் போகும்.

இந்த மனிதர் யார்? 1849 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க் சதுக்கத்தில் துப்பாக்கிகளுக்கு முன் மரணத்துக்குக் காத்து நின்று, கடைசிக் கணத்தில் தண்டனை மாற்றப்பட்டவர். ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் விலங்கோடு கழித்தவர். வலிப்பு நோயோடு பெரும் நாவல்களை எழுதியவர். இத்தனையைத் தாங்கியவருக்கு, ஓர் எல்லையோடு நிறுத்திக்கொள்ளவும் கடைசித் தாலரையேனும் கையில் வைத்துக்கொள்ளவும் உறுதி இல்லாமற்போனது எப்படி என்று அன்னா முதலில் வியந்தார். அது தன் கணவரின் மேன்மைக்கு இழுக்கு என்றும் அவருக்குத் தோன்றியது. ஆனால் விரைவிலேயே, இது வெறும் மன உறுதிக் குறைவு அன்று, ஒருவரை முழுதாக விழுங்கும் ஏதோ ஒன்று, திடமான குணமுள்ளவர்களும் இதனோடு போராடி நிற்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். இதை மருந்தில்லாத நோயாகவே கொள்ள வேண்டும் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அன்னா மறைந்தது 1918இல். நூல் வெளிவந்தது 1925இல்.

கருணை மிகுந்த இந்தப் பக்கங்களை வாசிக்கும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நினைவுக் குறிப்பு முதுமையில் எழுதப்பட்டது. 1867இன் சுருக்கெழுத்துக் குறிப்பேட்டைத் தாமே பெயர்த்தெழுதியபோது அன்னா பல இடங்களை மென்மையாக்கினார் என்பது, மூலம் பிற்காலத்தில் வாசிக்கப்பட்டபோது தெரியவந்தது. மூலத்தில் கோபம் இருக்கிறது, சலிப்பு இருக்கிறது. அவரை இதனால் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஒருவரது நோயைப் புரிந்துகொள்வதும் அந்த நோயின் மீது எரிச்சல் அடைவதும் ஒரே வீட்டில், ஒரே நாளில் நடக்கக்கூடியவையே.

எனக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில், கைபேசியில் ரம்மி ஆடி வீட்டு நகைகளைக் கரைத்த ஒருவர் இருந்தார். செய்தி வெளியே வந்ததும் உறவினர் கூடி முதலில் விசாரித்தது அவருடைய மனைவியைத்தான். “நீ ஏம்மா எடுத்துக் குடுத்தே?” என்று ஆளுக்கொரு முறை கேட்டார்கள். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. பாடன்-பாடனில் பணப்பையைத் திறந்து திறந்து கொடுத்த அன்னாவைப் பற்றி வாசிக்கையில் அந்த மௌனம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

*

அன்னா கண்டறிந்ததற்கு மருத்துவத்தில் அப்போது பெயர் இல்லையா என்றால், அதற்குச் சற்று முன்புவரை இருந்தது, அப்போதுதான் மதிப்பிழந்துகொண்டிருந்தது.

பிரெஞ்சு மருத்துவர் பினேல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புதிய வகைப் பைத்தியத்தைப் பற்றி எழுதினார். அறிவு பிறழாமல், பிரமைகள் ஏதும் இல்லாமல், செயல் மட்டும் கட்டுமீறும் நிலை. அதுவரை பைத்தியம் என்றால் அறிவு கலங்குவது என்பதே பொதுக் கருத்து. தெளிவாகப் பேசுபவன் பைத்தியக்காரனாக எப்படி இருக்க முடியும்? பினேலின் மாணவர் எஸ்கிரோல் இதை ‘மோனோமேனியா’ என்று விரித்தார். மனத்தின் ஒரு மூலையில் மட்டும் குடிகொள்ளும் வெறி. 1816இல் ஜெனீவா மருத்துவர் மத்தே, தேவையின்றித் திருடுவோருக்கு ஒரு பெயர் சூட்டினார். அதுவே சிறிது திரிந்து இன்று நாம் அறிந்த ‘கிளெப்டோமேனியா’ ஆயிற்று. தீ வைக்கும் வெறிக்கு ‘பைரோமேனியா’ வந்தது. 

நீதிமன்றங்களில் இது பெரும் புயலைக் கிளப்பியது. கொலை செய்தவனுக்கும் கொலை என்னும் மோனோமேனியா இருந்தது என்று மருத்துவர் சாட்சி சொன்னால் யாரைத்தான் தண்டிப்பது? குற்றமே நோய்க்குச் சான்று, நோயே குற்றத்துக்குக் காரணம் என்று வட்டமடிக்கும் வாதம் இது. கண்டனங்களில் நியாயம் இருந்தது. 1850களில் மருத்துவர்களே அந்தச் சொல்லைக் கைவிடத் தொடங்கினர். 

இங்கிலாந்தின் சட்டம் வேறு வழியில் சென்றது. 1843இல் டேனியல் மக்நாட்டன், பிரதமர் ராபர்ட் பீலின் செயலரைச் சுட்டுக் கொன்று, மனநோயின் பேரில் விடுவிக்கப்பட்டான். எழுந்த கொந்தளிப்பில் நீதிபதிகள் ஒரு விதியை வகுத்தனர். செயலின் தன்மையை அறியாதிருந்தானா, அல்லது அது தவறு என்று அறியாதிருந்தானா என்ற இரண்டை மட்டுமே கேட்க வேண்டும். அறிந்திருந்தும் தடுக்க இயலவில்லை என்றால் அதற்கு அங்கே இடமில்லை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவில் இதே அளவுகோலை நமக்கும் தந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவிலும் அதுவே தொடர்கிறது. தடுக்க முடியாத உந்துதல் என்பது மட்டும் இந்திய நீதிமன்றங்களில் விடுதலைக்கான காரணம் ஆகாது. இதில் ஒரு வேடிக்கை, 1869 முதல் 1872 வரை வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்து நமக்குச் சாட்சியச் சட்டத்தை எழுதித் தந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், நாடு திரும்பிய பின் தம் குற்றவியல் வரலாற்று நூலில் (1883) நோயினால் தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை இழந்தவனையும் சட்டம் கணக்கில் கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். மிகக் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த மனிதர் அவர்.

நம் மரபில் இந்தக் கேள்விக்கு வேறொரு விடை உண்டு. நளன் சூதாடவில்லை, அவனுள் புகுந்த கலி ஆடினான். கால் கழுவியதில் ஏற்பட்ட சிறு குறையைக் காத்திருந்து பற்றிக்கொண்டு கலி உள்ளே நுழைந்தான் என்று கதை சொல்கிறது. பழியை வெளியே வைத்துவிட்டு மனிதனைக் காப்பாற்றும் அழகான ஏற்பாடு. ஆனால் தருமனுக்குக் கலி தேவைப்படவில்லை. அவனே ஆடினான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், பாஞ்சாலியை வைத்தான். பாரதம் அவனை நோயாளி என்றும் சொல்லவில்லை, முழுக் குற்றவாளி என்றும் சொல்லவில்லை.

*

அன்னாவின் கதைக்குத் திரும்புவோம். 1868இல் ஜெனீவாவில் மகள் சோனியா பிறந்து மூன்று மாதத்தில் இறந்தாள். அந்தத் துயரத்துக்குப் பின்னும் சூது விடவில்லை. 1871 ஏப்ரலில் அவர்கள் மீண்டும் டிரெஸ்டனில் இருந்தனர். ‘பேய்கள்’ நாவல் நகரவில்லை. கணவர் மனம் சோர்ந்து கிடந்தார். அன்னா மீண்டும் கருவுற்றிருந்தார். கையில் 300 தாலர் இருந்தது. அதில் 100 தாலரை இழக்கலாம் என்று முடிவுசெய்து, ஒருமுறை போய் வாருங்களேன் என்று அவரே பேச்செடுத்தார். வெற்றி கிட்டும் என்ற நம்பிக்கை அவருக்குச் சிறிதும் இல்லை. இழந்து திரும்பியதும் கணவர் வெறிகொண்டு எழுதுவார் என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்.

1928இல் ஃபிராய்ட் தம் புகழ்பெற்ற கட்டுரையில் இந்த இடத்தைப் பற்றிக்கொண்டார். சூதாட்டம் தஸ்தயெவ்ஸ்கி தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை, அனைத்தையும் இழந்தபின் குற்றவுணர்வு தணிந்து எழுத்துக்கு வழிவிடும் என்பது அவர் விளக்கம். அதன் வேரில் தந்தையைக் கொல்லும் விழைவு இருந்ததென்றார். வாசிக்கச் சுவையான கட்டுரைதான். ஆயினும் அன்னா பணத்தட்டுப்பாட்டையும் கெடுவையும் கடிகாரத்தையும் வைத்துச் சொன்னதை ஃபிராய்ட் தொன்மமாக்கிவிட்டார் என்றே நினைக்கிறேன். கையில் காசில்லாதபோது எழுதியாக வேண்டும் என்பதற்கு ஈடிப்பஸின் துணை அவசியமா?

வீஸ்பாடனில் வழக்கம்போல் எல்லாம் போயிற்று. திரும்பி வர அன்னா அனுப்பிய 30 தாலரும் போயிற்று. அன்றிரவு தஸ்தயெவ்ஸ்கி ரஷ்யப் பாதிரியாரைத் தேடி இருண்ட, அறியாத தெருக்களில் ஓடினார். தேவாலயம் என்று எண்ணிச் சென்ற கட்டடம் யூதர்களின் வழிபாட்டிடமாக இருந்தது. மேலே குளிர்ந்த நீரைக் கொட்டியதுபோல் இருந்ததாக எழுதினார். பாதிரியாரைப் பார்க்காமல் அறைக்குத் திரும்பி, இரவெல்லாம் மனைவிக்குக் கடிதம் எழுதினார். பத்தாண்டாகத் தன்னை வதைத்த மயக்கம் அகன்றுவிட்டது, இதுவே கடைசி என்றார். இத்தகைய உறுதிமொழிகள் அன்னாவுக்குப் புதியவை அல்ல. இதையும் அவர் நம்பவில்லை.

ஆனால் அதுவே கடைசியாக இருந்தது. 1881இல் இறக்கும்வரை அவர் ரூலெட் மேசையை அணுகவில்லை.

ஏன் நின்றது என்பதற்கு வாழ்க்கை வரலாற்றாளர்கள் பல விடை தருகிறார்கள். அதே கடிதத்தில் அவர் தம் கனவைக் குறிப்பிடுகிறார். இறந்த தந்தை கோரமான தோற்றத்தில் வந்தார், அன்னாவின் தலை நரைத்திருந்தது. அந்த அச்சம் ஒரு காரணமாகலாம். அவ்வாண்டு ஜூலையில் குடும்பம் ரஷ்யா திரும்பியது, அங்கே ரூலெட் விடுதிகள் இல்லை. 1872 முடிவோடு ஜெர்மானிய சூதாட்ட விடுதிகள் சட்டத்தால் மூடப்பட்டன. பின்னாட்களில் நுரையீரல் சிகிச்சைக்காக எம்ஸ் நகருக்குப் பலமுறை சென்றபோது, அங்கே முன்பிருந்த மேசைகள் இல்லை. 1873இல் ‘பேய்கள்’ நாவலைத் தாமே அச்சிட்டு விற்கத் தொடங்கிய அன்னா, குடும்பத்தின் பணத்தை முழுதாகத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார், கடன்காரர்களிடம் தாமே பேசினார். இன்று மருத்துவர்கள் சூதாட்ட நோயர் குடும்பத்துக்குக் கூறும் முதல் அறிவுரைகளுள் இரண்டு, பணத்தை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதும், ஆடுமிடத்துக்குப் போகும் வழியை அடைப்பதும். மன உறுதியை நம்பியிருப்பதைவிட இவை பலன் தருகின்றன.

*

1876இல் நடந்த ஒரு வழக்கு இக்கதையில் எதிர்பாராத திருப்பம். பீட்டர்ஸ்பர்க்கில் கோர்னிலோவா என்ற இளம்பெண், ஆறு வயது மாற்றாள் மகளை நான்காம் மாடிச் சன்னல் வழியே கீழே தள்ளினாள். பிறகு சன்னலைச் சாத்திவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, காவல் நிலையம் சென்று சொன்னாள். குழந்தை வியக்கத்தக்க வகையில் உயிர்தப்பியது. முதல் மனைவியோடு ஒப்பிட்டுக் கணவன் சதா குத்திப்பேசியதில் வந்த ஆத்திரம். அப்போது அவள் கர்ப்பிணி. நீதிமன்றம் இரண்டு ஆண்டு எட்டு மாதக் கடுந்தண்டனையும் அதன்பின் சைபீரியக் குடியிருப்பும் விதித்தது.

தஸ்தயெவ்ஸ்கி தம் ‘ஓர் எழுத்தாளனின் நாட்குறிப்பு’ இதழில் அவளுக்காக வாதாடினார். அறிவு தெளிவாக இருக்கையிலேயே, தான் செய்வது என்னவென்று முழுதும் அறிந்தபோதே, எதிர்க்க இயலாத உந்துதலுக்கு ஆட்பட்டிருக்கலாம் என்பது வாதம். சிறுவயதில் தாம் மாஸ்கோவில் கேள்விப்பட்ட ஒரு சீமாட்டியை உதாரணம் காட்டினார். வசதிக்குக் குறைவில்லாத அந்த அம்மாள் கருவுற்ற காலங்களில் மட்டும் போகிற வீட்டிலெல்லாம் திருடுவாராம். பினேல் விவரித்த அதே நிலையை, மருத்துவர்கள் கைவிடத் தொடங்கி இருபதாண்டு ஆன பின், ஒரு நாவலாசிரியர் தூசு தட்டி எடுத்தார். சிறைக்குச் சென்று அவளைச் சந்தித்தார். தீர்ப்பு இரத்தாயிற்று, 1877 ஏப்ரலில் மறுவிசாரணையில் அவள் விடுவிக்கப்பட்டாள்.

கருப்பமே பெண்ணைக் குற்றத்துக்குத் தூண்டும் என்ற கருத்தை இன்றைய மருத்துவம் ஏற்காது. பெண்ணுடலையே சந்தேகத்துக்குரியதாகக் கண்ட 19ஆம் நூற்றாண்டின் வாடை அதில் வீசுகிறது. மேலும் இதே தஸ்தயெவ்ஸ்கிதான் 1873இல், குற்றத்துக்குச் சூழலைக் காரணம் காட்டி ஜூரிகள் விடுதலை வழங்குவதைச் சாடினார். ‘கரமசோவ் சகோதரர்க’ளில் (1880) வரும் ஹொஹ்லகோவா சீமாட்டி, நீதிமன்றங்களில் புதிதாகக் கிளம்பிய ‘உணர்ச்சிக் கொந்தளிப்பு’ வாதத்தைப் பற்றி உளறும் பக்கங்களை வாசித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. பொறுப்பைத் துடைத்துவிடும் கோட்பாடாக வந்தால் அவர் எள்ளி நகையாடினார். ஒரு தனிமனுஷியின் முகத்தோடு வந்தால் சிறைவாசல் ஏறினார். இதை முரண்பாடு என்று எழுதிய விமரிசகர்கள் உண்டு. வீஸ்பாடன் தெருவில் இரவில் ஓடிய ஒருவருக்கு இந்த இரண்டுமே உண்மையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

மருத்துவம் அன்னாவின் முடிவுக்கு வந்துசேர நூறாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில்தான் சூதாட்டம் முதன்முறையாக நோயாக இடம்பெற்றது. தேவையற்ற திருட்டு, தீ வைத்தல், கட்டுமீறிய ஆத்திர வெடிப்பு ஆகியவற்றோடு ‘உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகள்’ என்ற தலைப்பில் அது வைக்கப்பட்டது. இவற்றுக்குப் பொதுவாகக் கூறப்பட்ட அமைப்பு, செயலுக்கு முன் ஏறிக்கொண்டே போகும் இறுக்கம், செய்யும்போது கிளர்ச்சி அல்லது விடுதலை, செய்தபின் சிலருக்குக் குற்றவுணர்வு.

இவை எல்லாம் ஒரே குடும்பம்தானா என்ற ஐயம் தொடக்கம் முதலே இருந்தது. 2013இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது சூதாட்டத்தை அங்கிருந்து எடுத்து மதுவுக்கும் அபினுக்கும் அருகே அடிமைநோய்களில் சேர்த்தனர். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு அமைப்பின் பட்டியலும் அவ்வாறே செய்தது. இங்கே ஒரு சிறு தகவல். குறளில் ‘கள்ளுண்ணாமை’ 93ஆம் அதிகாரம், ‘சூது’ 94, அடுத்த 95 ‘மருந்து’. இதைக் கொண்டு வள்ளுவர் உளமருத்துவத்தை முன்பே கண்டுபிடித்தார் என்று முழங்க வேண்டியதில்லை. கள்ளையும் சூதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது கூர்ந்து பார்த்த எவருக்கும் தோன்றியிருக்கும்.

இடமாற்றத்துக்கு வலுச்சேர்த்த சான்றுகளுள் என்னை மிகவும் உலுக்கியது நடுக்குவாத நோயரைப் பற்றியது. பார்க்கின்சன் நோய்க்கு, மூளையில் டோபமைனின் வேலையைச் செய்யும் சில மருந்துகளைத் தருவார்கள். 2000களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தனர். வாழ்நாளில் சீட்டுக்கட்டையே தொடாத முதியவர்கள் சிலர் அம்மருந்துகளைத் தொடங்கியபின் சூதாட்டத்தில் சேமிப்பைத் தொலைத்தார்கள். மருந்தைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் பலருக்கு அந்த வேட்கை அடங்கியது. இவர்களுடைய குணம் எங்கே போயிற்று, மன உறுதி எங்கே போயிற்று? நளனுக்குள் புகுந்த கலி இங்கே ஒரு மாத்திரையின் வழியே வந்துபோனான். 

2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், நூலிழையில் தவறிய ஆட்டங்களில் மூளை எப்படி இயங்குகிறது என்று பார்த்தனர். ஒரே கட்டத்தில் தவறிய தோல்வி, வெற்றியின்போது இயங்கும் அதே பகுதிகள் சிலவற்றைத் தூண்டியது. தோல்வி மூளைக்குள் பாதி வெற்றியாகப் பதிவாகிறது. அடுத்தமுறை என்னை அடக்கிக்கொண்டால் போதும் என்று ஹோம்பர்கிலிருந்து வந்த கடிதங்களின் தொனி இதுதானே. சிலருக்கு அறிவுநடத்தைச் சிகிச்சை பயன் தருகிறது. சிலருக்கு, குடிநோய்க்குத் தரும் நால்ட்ரெக்ஸோன் மருந்து வேட்கையைத் தணிக்கிறது. சிகிச்சை ஏதுமின்றி விடுபடுவோரும் கணிசமாக உண்டு. தஸ்தயெவ்ஸ்கியை அவர்களில் ஒருவராகச் சேர்க்கலாம், அன்னா செய்ததைச் சிகிச்சை என்று கொள்ளாவிட்டால்.

தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் 2022இல் இயற்றப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்தபோது, ரம்மி திறமைக்குரிய விளையாட்டா, அதிர்ஷ்டத்துக்குரியதா என்ற வாதமே நீதிமன்றத்தில் முன்னால் நின்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திறமை விளையாட்டு என்று ஏற்று, அந்தப் பகுதியை விலக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றித் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டத்துக்குத் தேவையான கேள்வியாக இருக்கலாம். ஆனால் நோயுற்ற ஒவ்வொருவரும் தன் ஆட்டத்தைத் திறமையாகவே எண்ணுகிறார் என்பதைத்தான் 1863ஆம் ஆண்டுக் கடிதம் சொல்கிறது.

பாடன்-பாடனை விட்டுப் புறப்படும்வரை அந்த மோதிரங்களும் ஆடைகளும் அடகுக்குப் போவதும் வருவதுமாக இருந்தன. தோடுகளும் மார்பூசியும் மட்டும் மீளவேயில்லை. நினைவுக் குறிப்பில் அன்னா அவற்றைப் பற்றி எழுதியது மிகக் கொஞ்சம்.